கை மாறுவது தெரியக்கூடாது

சின்னவரின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும். செம்மஞ்சள்தான் எரிந்தது. அதுவும் நிலையாக எரியாமல் சதீஸ்குமாரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

சதீஸ்குமார் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாடியை ஊன்றி, காலையிலிருந்து அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பல்லேகலயில் இருக்கும் அந்த பிஸ்கட் தொழிற்சாலைக்கு அவன்தான் மின் பொறியியலாளன். பிஸ்கட் சுடும் போரணைக்குப் பக்கத்தில் உள்ள இரும்பு அலுமாரிக்குள், பேக்கரியில் வாங்கும் றாத்தல் பாண் அளவில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. ஆங்கிலத்தில் கன்ட்ரோலர். பழையதற்குப் பெரியவர் என்றும் புதிதாக வந்ததற்குச் சின்னவர் என்றும் தொழிலாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரியவர் பல வருடமாகத் தனியாகக் குடும்பம் நடத்தியவர். போரணை என்றால் பேக்கரிப் போரணை மாதிரி இல்லை. ஒரு முனையில் மா போகும், நீண்ட சுரங்கம் போன்ற சூட்டுக்குள் பட்டியில் ஊர்ந்து, மறுமுனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். எந்த அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும், பட்டி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதெல்லாம் பெரியவரின் கட்டளை. அவர் மயங்கி விழுந்தால் பட்டி நிற்கும். உள்ளே இருக்கும் பிஸ்கட் கரியாகும்.

அவர் எப்போதாவதுதான் மயங்கினார். ஆனால் எப்போது மயங்கினாலும் சதீஸ்குமார் லீவில் இருந்தான்.

சதீஸ்குமாருக்கும் சர்மிளாவுக்கும் கலியாணமானதிலிருந்து திருகோணமலைக்குப் போக ஆசை. முதல் தடவை புறப்பட்டபோது மாத்தளையில் தொழிற்சாலையிலிருந்து கோல் வந்தது. திரும்பிவிட்டார்கள். அடுத்த தடவை நாலந்தாவில் வந்தது. அதற்கடுத்த தடவை தம்புள்ளைவரை போய்விட்டார்கள்.

"இதே வேகத்துல போனா நீங்க ரிட்டயர் ஆகுற வயசுல கடலப் பார்த்துருவோம்," என்றாள் சர்மிளா. தெல்தெனியவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. கணக்கும் ஓரளவு வரும்.

அதற்குப் பிறகுதான் சதீஸ்குமார் மனேஜர் ஜமால்தீனிடம் போய் இரண்டாவது கன்ட்ரோலர் கேட்டான்.

"ஒண்டு ஒழுங்கா வேல செய்யல்லண்டு சொல்லிட்டு, ரெண்டு கேக்குறீங்களே சதீஸ்," என்றார் ஜமால்தீன்.

"ஒண்ணு வேலை செய்யும் சேர். மத்தது பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டே இருக்கும். மொதலாவது விழுந்தா அந்த நிமிசமே இது கையில எடுத்துக்கும். கை மாறினது பிஸ்கட்டுக்கே தெரியாது."

"அது வரைக்கும் சும்மா பாத்துட்டு ஈக்கிமா?"

"சும்மா இல்ல சேர். கவனமாப் பார்த்துக்கிட்டு இருக்கும்."

"அந்த மாதிரி ஆக்கள் எனக்கிட்ட நெறைய ஈக்கிறாங்க," என்றார் ஜமால்தீன். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார்.

அப்படி வந்த சின்னவர்தான் இப்போது செம்மஞ்சளாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தார். சதீஸ்குமார் பொறுமையிழந்து, அவரை விற்ற கொழும்புக் கம்பனியில் இருந்த யுகேஷ் என்ற பொடியனுக்கு ஃபோன் எடுத்தான். பருத்தித்துறைக்காரன். எந்த அவசரத்துக்கும் அசையாதவன்.

"ஓம் அண்ணை, அது அப்பிடித்தான் இருக்கும்," என்றான் யுகேஷ்.

"அப்பிடித்தான் இருக்கும்னா?"

"புதுசுக்குள்ளை இருக்கிற மென்பொருள் வேறை, உங்கடை பழசுக்குள்ளை இருக்கிறது வேறை. ஒண்டு கதைக்கிறது மற்றதுக்கு விளங்கேல்லை. பழசையும் புதுசாக்கிப் போடுங்கோ. எல்லாம் சரிவரும்."

ஞாயிற்றுக்கிழமை போரணையை நிறுத்தி, பெரியவருக்குப் புதிய மென்பொருளை ஏற்றினான். ஏறியது. விளக்கு பச்சையானது. திங்கள் காலையில் சந்தோஷமாக பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது ஷிப்ட் சுப்பர்வைசர் ரிஸ்மி வந்து நின்றான். கையில் ஒரு மாரி பிஸ்கட். அதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வளைத்தான். முறியாமல் வளைந்தது.

"சேர், இது பிஸ்கட்டா ரொட்டியா?"

புதிய மென்பொருள் ஏறும்போது பெரியவரின் ஞாபகத்தில் இருந்த சூட்டுக் கணக்கையெல்லாம் துடைத்துவிட்டே ஏறியிருந்தது. அவர் இப்போது பெட்டியைவிட்டு வெளியே வந்த நாளில் இருந்ததுபோல ஒன்றும் அறியாத குழந்தை.

சதீஸ்குமார் பதறவில்லை. இப்படி ஏதாவது நடந்தால் என்று அவன் மடிகணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தான். அதை ஏற்றினான். மத்தியானம் ஜமால்தீன் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் ஒரு தட்டு நிறைய மாரி பிஸ்கட் இருந்தது. எல்லாம் நல்ல மண்ணிறம்.

"மாரி பிஸ்கட்டுக்கு எப்பருந்து நாங்க கோப்பி போடுற?" என்று கேட்டார்.

அந்தப் பிரதி, இஞ்சி பிஸ்கட் போட்ட காலத்தில் எடுத்தது.

பிறகு இரண்டு நாள் சதீஸ்குமாரும் ரிஸ்மியும் போரணையின் வாயில் நின்று சூட்டைக் கூட்டிக் குறைத்து, வருவதைக் கடித்துப் பார்த்து, திரும்பவும் கூட்டிக் குறைத்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ரிஸ்மி கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "இது மாரி," என்றான். "ஆனா இனி ஆறு மாசத்துக்கு எனக்கு இதத் தந்துடாதீங்கோ."

அடுத்த நாள் சதீஸ்குமார் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, அதுவரை இருந்த சாதாரணக் கம்பிக்குப் பதிலாக, கண்ணாடி நார்க் கம்பியைச் செருகினான். அதன் வழியாகத்தான் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொள்வார். செருகியதும் இருவரின் நெற்றியிலும் பச்சை எரிந்தது. அவன் அலுமாரிக் கதவை மூடி அதை ஒரு தடவை தட்டிக்கொடுத்தான்.

அவன் கன்டீனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்டி ஆடத் தொடங்கிவிட்டது. விறுவிறுவென்று ஓடும். பிறகு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மூதாட்டிபோல ஊரும். திரும்பவும் ஓடும். ஒரு வரிசை பிஸ்கட் வெள்ளையாகவும் அடுத்த வரிசை கறுப்பாகவும் வந்தது. பெட்டியில் அடுக்கும் பெண்களில் மூத்தவளான ரத்தினம்மா ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, ரெண்டையும் கலந்து அடுக்கவா தம்பி?" என்று கேட்டாள்.

அலுமாரியைத் திறந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் 'நான்தான் முதலாவது' என்று காட்டிக்கொண்டிருந்தன. இருவரும் மாறி மாறிக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சதீஸ்குமார் சின்னவரை அணைத்துவிட்டு, யுகேஷுக்கு எடுத்தான்.

"ஓம் அண்ணை, அப்பிடி நடக்கிறதுதான்," என்றான் யுகேஷ். "பெட்டியளுக்குக் குடுத்த விலாச நம்பரை ஒருக்கா மாத்திப் பாருங்கோ."

மாற்றி, சின்னவரையும் திரும்பப் போட்டுப் பார்த்தான். பெரியவரும் தன்னைச் சின்னவர் என்று எண்ணிக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர் வேலை செய்வதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போரணை நின்றது. சதீஸ்குமார் விலாசத்தைப் பழையபடி மாற்றிவிட்டு, கறுப்பு பிஸ்கட் வாசனை வீசும் சட்டையோடு வீட்டுக்குப் போனான்.

சர்மிளா தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"ரெண்டு பேரும் நான்தான் பெரியவன்னு நெனைக்கிறாங்க, சர்மி."

"ஒருத்தர் அங்க இருக்கிறது மத்தவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நடுவுல கம்பி போட்டிருக்கேனே."

"கம்பி போட்டா? எங்க பிரின்ஸிபலுக்கும் வைஸ் பிரின்ஸிபலுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு. கதவு இருக்குங்கிறதுக்காக பேசிக்கிறாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு தாளில் சுழியம் போட்டாள்.

சதீஸ்குமார் சாப்பிடும்போதும் இதையே யோசித்தான். காலையில் அலுமாரியைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கம்பியை உருவி நுனியைப் பார்த்தான். நுனியில், தூசு படாமலிருக்கக் கம்பனிக்காரன் மாட்டியனுப்பிய மிளகளவு றப்பர் மூடி அப்படியே இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, பார்க்கவில்லை என்று அவர்களைக் கோபித்திருக்கிறான்.

மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பியைச் செருகினான். பெரியவர் பச்சையாகவும், சின்னவர் அடக்கமாக இளம்பச்சையாகவும் எரிந்தார்கள்.

"என்ன பிழை சேர்?" என்று ரிஸ்மி கேட்டான்.

"தொடர்பாடல் பிரச்சினை," என்றான் சதீஸ்குமார்.

அடுத்தது சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவரை அணைக்க வேண்டும். சின்னவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜமால்தீன் தானே அணைப்பேன் என்று சொன்னார். தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஜமால்தீன் பிஸ்மில்லாஹ் சொல்லி பெரியவரை அணைக்கும் ஆளியைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நடக்க வேண்டியதும். பட்டி ஒரு துளிகூடத் தயங்காமல் ஓடியது. பிஸ்கட் வந்துகொண்டே இருந்தது. ஜமால்தீன் ஒன்றை எடுத்துக் கடித்தார். தலையை ஆட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு நொடி சதீஸ்குமாருக்குத் தன் மனைவியோடு கடற்கரையில் நிற்பதுபோலவே இருந்தது.

"சரி, இதயும் நிப்பாட்டினா?" என்று கேட்டுக்கொண்டே ஜமால்தீன் சின்னவரின் ஆளியையும் தட்டினார்.

பட்டி நின்றது. அடுப்புகள் அடங்கின. ஆனால் இருந்த சூடு இருந்ததுதானே. கொஞ்ச நேரத்தில் புகைக்குழாயிலிருந்து கரும்புகை கிளம்பி, கிரிக்கெட் மைதானம் இருக்கும் பக்கமாகச் சாவகாசமாகப் போனது. அயலில் இருந்து யாரோ ஃபோன் எடுத்து, வீட்டில் உடுப்புக் காயப்போட்டிருக்கிறோம் என்று சிங்களத்தில் நெடுநேரம் பேசினார்கள்.

"அப்ப மூணாவது ஒண்டும் வாங்கணுமோ?" என்று ஜமால்தீன் இருமிக்கொண்டே கேட்டார்.

"வேணாம் சேர். ரெண்டையும் ஒண்ணா நிப்பாட்டாம இருந்தா போதும்."

அன்றைக்கே சதீஸ்குமார் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டான்.

பூட்டுப் போட்டதில் ஒரு சிக்கல் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது. அந்த வாரம் பெரியவர் ஒரு நாள் வழக்கம்போல மயங்கியிருக்கிறார். சின்னவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார். கை மாறியது பிஸ்கட்டுக்குத் தெரியவில்லை. ரிஸ்மிக்கும் தெரியவில்லை. சதீஸ்குமாருக்கும் தெரியவில்லை. பெரியவர் அலுமாரிக்குள் சிவப்பு விளக்கோடு கிடக்க, சின்னவர் தனியாகப் பாரம் இழுத்து, ஒரு நாள் மின்சாரம் ஒரு தடவை வெட்டியதும் அவரும் படுத்துவிட்டார். திரும்பவும் புகை. திரும்பவும் உடுப்புக் காயப்போட்ட வீட்டிலிருந்து ஃபோன்.

"கை மாறுறது பிஸ்கட்டுக்குத் தெரியக்கூடாதுண்டு சொன்னீங்க, சரி," என்றார் ஜமால்தீன். "எங்களுக்குச் சரி தெரிய வேணாமா?"

நியாயமான கேள்வி. சதீஸ்குமார் ஒரு மணி பொருத்தினான். யாராவது ஒருவர் விழுந்தால் மணி அடிக்கும். நல்ல உரத்த மணியாக, போரணைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிப் பார்த்து வாங்கிப் பொருத்தினான்.

முதல் தடவை மணி அடித்தபோது அவன் அலுவலக மாடியில் இருந்தான். யன்னலால் எட்டிப் பார்த்தான். தொழிற்சாலை முழுவதும் வரிசையாக வெளியே வந்து, முற்றத்தில், தீ விபத்தின்போது ஒன்றுகூட வேண்டிய இடத்தில், மிக ஒழுங்காகக் கூடி நின்றது. ரத்தினம்மா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆளில்லாத தொழிற்சாலையில் சின்னவர் எந்தக் குறையும் இல்லாமல் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். எடுப்பார் இல்லாததால் பிஸ்கட் பட்டியின் முனையில் குவிந்து, வழிந்து, படியிறங்கிக்கொண்டிருந்தது.

ஜமால்தீன் படியில் நின்று, காலடியில் உருண்டு வந்த ஒரு பிஸ்கட்டைக் குனிந்து எடுத்தார். "நல்லா சுட்டீக்கி," என்றார். "சதீஸ், இவங்களுக்கு ஒருக்கா சொல்லிக் குடுங்கோ. சொல்லிக் குடுத்துட்டு நீங்க எங்க போறதெண்டாலும் போங்கோ."

அந்தக் கடைசி வார்த்தை சதீஸ்குமாரின் காதில் தேனாக இறங்கியது.

அவன் பயிற்சிக்கு ஆயத்தமானான். பின்னேரங்களில் வீட்டில் சர்மிளாவுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினான். அவள் தேங்காய் துருவுவாள், தாள் திருத்துவாள், அவன் பேசுவான்.

"பிரதானக் கட்டுப்படுத்தி செயலிழக்கும் தருணத்தில், காத்திருப்பு நிலையிலுள்ள கட்டுப்படுத்தியானது..."

"நில்லுங்க. இது ரிஸ்மிக்கா, யுகேஷுக்கா?"

"ரிஸ்மிக்கு."

"ரிஸ்மிக்குனா ரிஸ்மிக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. நான்தான் ரிஸ்மி. மணி அடிக்குது. என்ன செய்யணும்?"

"மொதல்ல ஓடக்கூடாது."

"சரி. ஓடல்ல. அப்புறம்?"

"அலுமாரியத் திறந்து, எது சிவப்புனு பார்க்கணும். சிவப்பா இருக்கிறத மட்டும் அணைச்சிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடணும். பச்சையத் தொடவே கூடாது."

"போட்டுட்டேன். இப்ப செம்மஞ்சளாக் கண்ணடிக்குது. பயமா இருக்கு சேர்."

"பயப்படாத. அது மத்தவர்கிட்ட கேட்டுப் படிச்சிக்கிட்டு இருக்கு. படிச்சி முடிச்சதும் தானாப் பச்சையாகும்."

"ஆகல்ல."

"அப்ப நடுவுல இருக்கிற கம்பிய உருவி, துடைச்சி, திரும்பச் செருகணும்."

"இப்ப ஆச்சு," என்றாள் சர்மிளா. "பாருங்க, இப்ப எனக்கே விளங்குது."

இதையே அவன் பல நாள் சொன்னான். அவள் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சந்தேகம் கேட்டாள். ஒரு கட்டத்தில், அவன் வாய் திறக்குமுன்பே அவள் அடுத்த வரியைச் சொன்னாள்.

தொழிற்சாலையில் பயிற்சி அமைதியாக நடந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்றதற்கு, ரத்தினம்மா மட்டும், மணி அடித்தால் முற்றத்துக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"வெளங்கிட்டா ரிஸ்மி?"

"வெளங்கிட்டு சேர்."

அலுமாரிப் பூட்டின் திறப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் சதீஸ்குமார் மனைவியோடு காரில் புறப்பட்டான்.

மாத்தளை வந்தது. சதீஸ்குமார் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஃபோனைப் பார்த்தான். அது பேசாமல் கிடந்தது. நாலந்தாவில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். தம்புள்ளையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். அவன் ஃபோனை மேசையில் வைத்து, அது ஏதாவது சொல்லும் என்று எதிர்பார்ப்பவன்போல அதன் எதிரே உட்கார்ந்தான்.

"அதைக் குடுங்க," என்றாள் சர்மிளா. "என் ஃபோன்ல இடமில்ல. போட்டோ எடுக்கணும்."

"கோல் வந்தா?"

"வந்தா தர்றேன். நீங்க அதையே பார்த்துக்கிட்டு ஓட்டினா கடலுக்குப் பதிலா வேற எங்கயாவது போய்ச் சேர்ந்துருவோம்."

ஃபோன் கைப்பைக்குள் போனது. தம்புள்ளை பின்னால் போனது. அவர்கள் இருவரும் அதுவரை பார்த்திராத வீதி முன்னால் விரிந்தது. ஹபரணையில் வெயில் ஏறியது. கந்தளாய்க் குளத்தோரம் காரை நிறுத்தித் தயிர் வாங்கிச் சாப்பிட்டார்கள். சதீஸ்குமாருக்கு வாயில் ஒரு பாட்டு வந்தது. அது எந்தப் பாட்டு என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் இதற்கு முன் வண்டி ஓட்டும்போது பாடியதில்லை.

நிலாவெளியில் கடலுக்கு நேரே ஒரு சின்ன விடுதி. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு அவன் தண்ணீருக்குள் இறங்கி நின்றான். அலை வந்து காலடி மண்ணை இழுத்துக்கொண்டு போனது. பிஸ்கட் வாசனை இல்லாத காற்று. ஒரு மனிதன் யாருக்கும் தேவையில்லாமல் இருப்பது இவ்வளவு சுகமா என்று நினைத்தான்.

கொஞ்ச தூரத்தில் சர்மிளா ஃபோனைக் காதில் வைத்தபடி மணலில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் காற்றில் எதையோ உருவி எதையோ செருகிக் காட்டினாள். ஆசிரியைமாருக்கு ஃபோனில் பேசும்போதும் கை சும்மா இராது.

"யாரு, ஸ்கூலா?" என்று திரும்பி வந்ததும் கேட்டான்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு விசயம் விளங்கல்ல."

"லீவு நாள்லயுமா?"

"நல்ல பிள்ளை. ரெண்டு தரம் சொன்னாப் பிடிச்சிக்கும்."

அன்றைக்குப் பின்னேரமும் அவள் பேசினாள். மறுநாள் கோணேசர் கோயில் படியில், மான்கள் நிற்கும் இடத்தில், பொரித்த மீன் வந்து ஆறிக்கொண்டிருந்த மேசையில் எல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. சதீஸ்குமாருக்கு மனைவிமேல் இரக்கமாக இருந்தது.

"சர்மி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத," என்றான், முள்ளை எடுத்துவிட்டு மீனை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே. "நீ ஸ்கூல சரியாப் பழக்கல்ல. நாம இல்லாட்டியும் ஓடுற மாதிரி ஒரு எடத்த உருவாக்கி வைக்கணும். அதுதான் கெட்டித்தனம். இப்ப என்னப் பாரு. ஒரு கோல் வந்துச்சா?"

"உங்களுக்கு வரல்லதான்," என்றாள் சர்மிளா.

"எப்படி? ஒழுங்காச் சொல்லிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க," என்று அவள் மனதார ஒத்துக்கொண்டு, மீனை எடுத்து வாயில் போட்டாள்.

மூன்று நாளும் அவன் மத்தியானத்தில் தூங்கினான். பின்னேரம் நடந்தான். முகத்தில் வெயில் நிறம் ஏறியது. திரும்பி வரும்போது தம்புள்ளையில் அதே கடையில் நிறுத்தி, அதே மேசையில் உட்கார்ந்து, கடைக்காரரிடம், தாங்கள் கடலைப் பார்த்துவிட்டு வருவதாகத் தேவையில்லாமல் சொன்னான். கடைக்காரரும் சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் ஜமால்தீனின் அறைக்குள் நுழைந்தான். கையில் ஒரு பார்சல் கருவாடு. அதை மேசையில் வைத்தான். ஜமால்தீன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து கைகொடுத்தார்.

"மாஷா அல்லாஹ், சதீஸ். மூணு நாளும் பட்டி ஒருக்காச் சரி நிக்கல்ல. ஒரு பிஸ்கட் கருகல்ல. உடுப்புக் காயப் போடுற வீட்டுலருந்துகூட ஃபோன் வரல்ல."

"எனக்கும் ஒரு கோல் வரல்ல சேர்."

"அப்ப நீங்க இல்லாட்டியும் இது ஓடும்."

"ஓடும் சேர்," என்றான் சதீஸ்குமார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கு உடம்பு லேசானது. "ரெண்டாவது ஒருத்தர் சரியா இருந்தா போதும். மொதலாவது ஆளு நிம்மதியாத் தூங்கலாம். கை மாறினதே அவருக்குத் தெரியாது."

"அதத்தான் நானும் டிரெக்டர்மாருக்குச் சொல்லப் போறேன்," என்றார் ஜமால்தீன். "வருசத்துல ஒருக்கா நீங்க கட்டாயம் லீவு எடுக்கணும். ஆடர்."

கதவைத் தட்டிவிட்டு ரிஸ்மி உள்ளே வந்தான். காலையில் முதலில் சுட்ட மாரி பிஸ்கட்டைத் தட்டில் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சதீஸ்குமாரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"என்ன ரிஸ்மி, மூணு நாளும் என்ன மறந்தே போயிட்டீங்களா? ஒரு கோல்கூட எடுக்கல்ல," என்று சதீஸ்குமார் பெருமையோடு கேட்டான்.

ரிஸ்மிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"எடுக்காமயா சேர், மணி அடிக்கிற நேரமெல்லாம் எடுத்தோமே, சர்மிளா மிஸ்தானே ஒவ்வொண்டாச் சொல்லித் தந்து ரெண்டு பேரையும் எழுப்பி உட்டாங்க, அடுத்த முற லீவு போறப்ப அவங்கள இங்க உட்டுட்டு நீங்க மட்டும் போங்கோ."